கேட்டதும் கேளாததும்: 'த கிளாஷ்' குழுவின் இசைமாற்றங்கள்

1991 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டுப்படைகள் ஈராக் மீது குண்டு போடத் தொடங்கிய நாட்களில், வளைகுடாவில் நின்ற படையினருக்காக அமெரிக்க ஆயுதப்படை வானொலி ஒரு பாட்டைப் போட்டது. 'றொக் த கஸ்பா' என்பது அதன் பெயர். பாடியவர்கள் 'த கிளாஷ்' என்ற இலண்டன் பங்க் குழுவினர். குழு கலைந்து அப்போது ஐந்து வருடமாகியிருந்தது. ஈராக்கில் போடப்படவிருந்த குண்டொன்றின் மேல் யாரோ ஒரு சிப்பாய் அந்தப் பாட்டின் பெயரை எழுதியிருந்தான் என்ற செய்தியும் வந்தது. பாட்டை எழுதிய ஜோ ஸ்ட்ரமர் அதைக் கேள்விப்பட்டு அழுதார் என்று அவருடைய நண்பர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

கிளாஷ் எப்படிப்பட்ட குழு? நிக்கராகுவாவின் கிளர்ச்சிக்காரர்களுடைய பெயரைத் தங்கள் அல்பம் ஒன்றுக்கு வைத்தவர்கள். அமெரிக்கத் தலையீடுகளையும் இங்கிலாந்தின் இனவாதிகளையும் பாட்டிலே சாடியவர்கள். இவர்களுடைய பாட்டு குண்டின் மேல் ஏறியது எப்படி? 'பாட்டைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள்' என்பதுதான் மேலைத்தேய விமர்சகர்கள் வழமையாகச் சொல்லும் பதில். அது பாதி உண்மை. மற்றப் பாதியை நான் அவர்களுடைய இசைக்குள்ளேயே தேட விரும்புகிறேன். பத்து வருடத்துக்குள் இந்தக் குழு தன் இசையை இத்தனை தடவை மாற்றியது ஏன், யாருடைய இசையைக் காது கொடுத்துக் கேட்டது, யாருடையதைக் கேட்கவில்லை என்று பார்த்தால் விஷயம் வெளிக்கும். 'பங்க் இசைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?' என்டு கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1976 இல் பிரித்தானியா கையில் காசில்லாத நாடாக இருந்தது. அந்த வருடம்தான் அது சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குப் போனது. படித்து முடித்த பிள்ளைகளுக்கு வேலையில்லை. அக்காலத்து றொக் இசையோ பெரும் அரங்குகளில், விலை கூடிய கருவிகளோடு, இருபது நிமிடப் பாட்டுகளாக நீண்டு கிடந்தது. பங்க் அதற்கு எதிராக வந்தது. மூன்று கோர்ட் தெரிந்தால் போதும், இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிய வேண்டும், யாரும் மேடையேறலாம். கிளாஷின் பேஸ் கிற்றார் வாசித்த போல் சிமனனுக்கு ஆரம்பத்தில் வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று கருவியின் கழுத்திலே எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு வாசித்தார். கிற்றாரும் மெட்டமைப்பும் மிக் ஜோன்ஸ். முகாமையாளர் பேர்ணி றோட்ஸ். பாடகராக வந்து சேர்ந்தவர்தான் ஸ்ட்ரமர்.

ஸ்ட்ரமரின் இயற்பெயர் ஜோன் கிரஹம் மெலர். 1952 இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தார். தகப்பன் லக்னோவில் பிறந்தவர். பிரித்தானிய வெளிநாட்டுச் சேவையில் இருந்தார். அங்காராவிலிருந்து கெய்ரோ, பிறகு மெக்சிக்கோ, பிறகு ஜேர்மனி என்று சிறுவயது கழிந்தது. அவர் கைக்குழந்தைப் பருவம் தாண்டும்போது குடும்பம் கெய்ரோவில் இருந்தது. மாதத்தில் ஒரு வியாழன் இரவு உம்மு குல்தூமின் பாட்டைக் கேட்பதற்காக அரபுலகம் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தப் பிள்ளையின் காதில் அது விழுந்ததா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் எடுத்த பாட்டுகளில் அதன் தடயம் எதுவும் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

1976 ஓகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் நொட்டிங் ஹில்லில் கரீபியன் மக்களின் வருடாந்தக் கார்னிவல் நடந்தபோது பொலிஸாருக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் கைகலப்பு மூண்டது. ஸ்ட்ரமரும் சிமனனும் அந்த இடத்தில் இருந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் 1977 மார்ச்சில் வெளியான முதல் பாட்டு, 'வைட் றயட்'. கறுப்பர்கள் தங்களுக்கு நேர்வதை எதிர்த்து நிற்கிறார்கள், வெள்ளை இளைஞர்கள் ஏன் வாய்மூடி இருக்கிறார்கள் என்பது பாட்டின் கேள்வி. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு இதை வெள்ளையின வெறிப் பாட்டு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஆக, இந்தக் குழுவின் பாட்டு தப்பான கைகளில் விழும் ஆபத்து முதல் பாட்டிலேயே தொடங்கிவிட்டது.

அந்தக் கார்னிவலில் இன்னொன்றும் நடந்தது. அன்றைய தெருக்களில் ஜூனியர் மேர்வின் என்ற ஜமெய்க்காப் பாடகரின் 'பொலிஸ் அண்ட் தீவ்ஸ்' ஓயாமல் ஒலித்தது. லீ பெரி தயாரித்த றெகே பாட்டு. 1977 ஏப்ரலில் கிளாஷின் முதல் அல்பம் வந்தபோது, இரண்டு நிமிடப் பாட்டுகளுக்கு நடுவே ஆறு நிமிடத்துக்கு அந்தப் பாட்டைப் போட்டிருந்தார்கள். பங்க் குழு றெகே பாடுவது அன்றைக்குப் புதிது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். குழு பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் விதை இதுதான்.

றொக் இசையில் அடி ஒவ்வொரு தாளத்திலும் விழும். றெகேயில் கிற்றார் தாளத்துக்கு இடையில் விழும். முதலாவது தாளம் பல நேரம் வெறுமையாக விடப்படும். மெட்டைச் சுமப்பது பேஸ். கேட்கிறவனுடைய உடம்பு அந்த வெறுமையை நிரப்பிக்கொள்ளும். கிளாஷ் இதை அப்படியே நகல் எடுக்கப் பார்க்கவில்லை. எடுக்கவும் முடியாது, அவ்வளவு தேர்ச்சி அப்போது அவர்களுக்கு இல்லை. ஒரு கிற்றார் தாளத்தின் மேல் அடிக்க, மற்றக் கிற்றார் இடைவெளியில் அடித்தது. ஜமெய்க்காப் பாட்டின் மென்மை போய், ஒரு விறைப்பு வந்தது. அந்த விறைப்புத்தான் அவர்களுக்குச் சொந்தமானது. பொலிஸும் கள்வர்களும் தெருவைப் பயமுறுத்துவது பற்றிய ஜமெய்க்காப் பாட்டு இலண்டன் தெருவுக்கும் பொருந்தி வந்தது. லீ பெரியே பிறகு இலண்டனில் இவர்களுடைய 'கம்ப்ளீட் கொன்ட்ரோல்' பாட்டைத் தயாரித்துக் கொடுத்தார். பொப் மார்லி 'பங்கி றெகே பார்ட்டி' என்று ஒரு பாட்டே போட்டு அதில் கிளாஷின் பெயரைச் சொன்னார். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்தக் காது எங்கிருந்து வந்தது? சிமனன் பிரிக்ஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். பங்க்காரர்கள் கூடிய 'றொக்சி' கிளப்பில் இசைத்தட்டுப் போட்டவர் டொன் லெட்ஸ், ஜமெய்க்காப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்தவர். அந்த நேரம் போடுவதற்குப் பங்க் இசைத்தட்டே அதிகம் கிடையாது. அதனால் அவர் வீட்டிலிருந்த றெகே தட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். வேறு கொள்கை விளக்கமெல்லாம் தேவையில்லை. பக்கத்து வீட்டு இசை சுவரைத் தாண்டி வந்தது, இவர்கள் கேட்டார்கள்.

1978 ஜூனில் வந்த 'வைட் மேன் இன் ஹமர்ஸ்மித் பலே' என்னுடைய கணிப்பில் அவர்களுடைய ஆகச் சிறந்த பாட்டு. ஸ்ட்ரமர் ஒருநாள் இரவு முழுக்க நடந்த றெகே நிகழ்ச்சி ஒன்றுக்கு டொன் லெட்ஸோடு போனார். கூட்டத்திலே வெள்ளைக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கிளர்ச்சிப் பாட்டுகளை எதிர்பார்த்துப் போனவருக்கு அங்கே கிடைத்தது பளபளப்பான மேடைக் களியாட்டம். ஏமாற்றம். ஆனால் பாட்டை எழுதும்போது அவர் ஜமெய்க்காக்காரர்களைக் குறை சொல்வதில் நிற்கவில்லை. 'நான் என்ன தேடிப் போனேன், அதை அவர்கள் ஏன் எனக்குத் தர வேண்டும்?' என்ற கேள்வி பாட்டுக்குள் இருக்கிறது. பிறகு தன் சக பங்க் குழுக்களின் பகட்டையும், நாட்டில் ஏறிவந்த இனவாதத்தையும் நோக்கித் திரும்புகிறது. மெதுவான றெகே தாளம். வேகத்தை எதிர்பார்த்த இரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் ஸ்ட்ரமரும் ஜோன்ஸும் ஜமெய்க்காவுக்கே ஒருமுறை போய்வந்தார்கள். கிங்ஸ்டன் நகரில் லீ பெரியைத் தேடிக் கிடைக்காமல், பெரும்பாலும் ஹோட்டலுக்குள்ளேயே இருந்துவிட்டு வந்து, 'சேஃப் யூரோப்பியன் ஹோம்' பாட்டில் தங்களைத் தாங்களே கேலி செய்தார்கள். மற்றவனுடைய பண்பாட்டின் வாசற்படியில் தான் நிற்பதை உணர்ந்த கலைஞனின் கூச்சம் அந்த இரண்டு பாட்டிலும் இருக்கிறது. அந்தக் கூச்சம் இருந்தவரை அவர்களுடைய கலப்பிசை நேர்மையாக இருந்தது என்பேன்.

அதே 1978 ஏப்ரல் 30 இல், கிழக்கு இலண்டன் விக்டோரியா பார்க்கில் 'இனவாதத்துக்கு எதிரான றொக்' இயக்கத்தின் பெரும் கூட்டத்தில் கிளாஷ் பாடியது. 80,000 பேரளவில் கூடியதாகச் சொல்வார்கள். இந்த இயக்கம் தோன்றியதற்கு ஒரு காரணம், 1976 இல் எரிக் கிளப்டன் மேடையில் நின்று குடியேறிகளுக்கு எதிராகப் பேசி, இனவாத அரசியல்வாதி ஈனொக் பவலுக்கு ஆதரவு சொன்னது. கறுப்பர்களின் புளூஸ் இசையில் பேரும் புகழும் சம்பாதித்தவர் அப்படிப் பேசினார். கூட்டம் நடந்து நான்காம் நாள், மே 4 ஆம் திகதி, அங்கிருந்து தூரமில்லாத வைட்சப்பலில் அல்தாப் அலி என்ற வங்காள முஸ்லிம் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு போகும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கான வங்காளிகள் அவருடைய ஜனாஸாப் பெட்டியின் பின்னால் பிரதமரின் வாசஸ்தலம் வரை நடந்தார்கள். இன்று அங்கே அவருடைய பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

கிளாஷ் நின்ற பக்கம் சரியான பக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரிக்ஸ்டனின் ஜமெய்க்காக்காரன் அவர்களுடைய தாளத்துக்குள் வந்ததைப் போல வைட்சப்பலின் வங்காளியோ, பிராட்ஃபோர்டின் பாகிஸ்தானியோ வரவில்லை. அவர்களுக்காகப் பேசினார்கள், அவர்களுடைய இசையைக் கேட்கவில்லை. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஜமெய்க்கா இசை கிளப்பிலும் தெருவிலும் ஆங்கிலத்தில் ஒலித்தது. கவ்வாலியும் பாட்டியாலியும் வீட்டுக்குள்ளே, வேறு மொழியில் இருந்தன. ஆனால் பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் 'துரோகம்' என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. 1977 ஜனவரியில் சி.பி.எஸ். கொம்பனியோடு ஒரு இலட்சம் பவுணுக்கு ஒப்பந்தம் செய்தபோதே 'பங்க் செத்துப்போச்சு' என்றார்கள். இரண்டாவது அல்பத்தை அமெரிக்கத் தயாரிப்பாளர் சண்டி பேர்ல்மன் மெருகூட்டியபோது திரும்பச் சொன்னார்கள். இசை மாறும்போதெல்லாம் சொன்னார்கள். நான் இந்த அல்பங்களை வரிசைப்படி கேட்டுப் பார்த்ததில், மாற்றத்துக்குப் பணத்தை விடப் பெரிய காரணமாகத் தெரிவது ட்ரம்ஸ் வாசித்த டொப்பர் ஹெடன். முதல் அல்பத்தில் டெரி சைம்ஸ். அவர் விலகிய பிறகு 1977 இல் வந்த ஹெடன், ஜாஸும் சோலும் பழகிய கை. எந்தத் தாளத்தைச் சொன்னாலும் வாசிப்பார். அதுவரை ஆசை இருந்தது, கை இருக்கவில்லை. இப்போது கை வந்தது.

1979 டிசம்பரில் வந்த 'லண்டன் கோலிங்' பற்றி ஏற்கனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். 19 பாட்டு, இரட்டைத் தட்டு, ஒற்றைத் தட்டின் விலை. றொக்கபிலி, ஸ்கா, ஜாஸ், சோல், றெகே எல்லாம் உள்ளே. தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ், பாடிக்கொண்டிருக்கும்போதே கதிரைகளைத் தூக்கி எறிந்து உசுப்பேற்றுகிற ஆள். சிமனன் முதன்முதல் தானே எழுதிப் பாடிய 'கன்ஸ் ஒஃப் பிரிக்ஸ்டன்' அதில்தான் இருக்கிறது. 1981 இல் பிரிக்ஸ்டன் தீப்பற்றியபோது அந்தப் பாட்டை எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் அல்பம் 1980 இல் வெளியானதால் 'றோலிங் ஸ்டோன்' சஞ்சிகை அதை எண்பதுகளின் முதலாவது அல்பமாகத் தெரிவு செய்தது. எழுபதுகளில் இங்கிலாந்தில் வந்தது எண்பதுகளின் சிறந்தது ஆனது, வேடிக்கைதான்.

அடுத்த வருடம் 'ஸன்டினிஸ்டா!'. மூன்று தட்டு, 36 பாட்டு. குறைந்த விலைக்கு விற்பதற்காகப் பிரித்தானியாவில் முதல் 200,000 பிரதிகளுக்கான ராயல்ட்டியை விட்டுக்கொடுத்தார்கள். முழுவதையும் ஒரே இருப்பில் கேட்பது கஷ்டம். நானும் ஆறாம் பக்கத்தைப் பலமுறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஜமெய்க்காவின் மைக்கி ட்ரெட் கூட இருந்து டப் முறையில் பாட்டுகளைப் பிரித்துப் போட்டார். குரலை எடுத்துவிட்டு எதிரொலியைக் கூட்டுகிற முறை அது. சுவிசேஷ இசை, வோல்ட்ஸ், கலிப்சோ, சிறு பிள்ளைகள் பாடுவது என்று சந்தைக் கூடை மாதிரி இருக்கும். அதில் 'வொஷிங்டன் புலட்ஸ்' என்ற பாட்டு எமக்கு முக்கியம். சிலியிலும் கியூபாவிலும் அமெரிக்கா செய்ததைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஆப்கானிஸ்தானில் ரஷ்யர் செய்வதையும் திபெத்தில் சீனர் செய்வதையும் சொல்கிறது. 1980 இல் இடதுசாரிகளில் பலர் ஆப்கானிஸ்தான் விஷயத்தில் மௌனமாக இருந்தார்கள். இவர்கள் இருக்கவில்லை.

அந்த அல்பத்தின் முதலாவது பாட்டு 'த மெக்னிஃபிசன்ட் செவன்'. 1980 இல் நியூயோர்க்கில் ஒலிப்பதிவு செய்தார்கள். றப் இசை அப்போதுதான் கறுப்பின இளைஞர்களின் தெருவிலிருந்து இசைத்தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மிக் ஜோன்ஸ் அதில் பைத்தியமாகிப் பெரிய கெசட் பெட்டியைத் தோளில் சுமந்து திரிந்தார். வெள்ளையர் குழுவொன்று றப் பாடிய ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று. நியூயோர்க்கின் கறுப்பின வானொலி டபிள்யூ.பி.எல்.எஸ். இந்தப் பாட்டின் நடன வடிவத்தை விடாமல் ஒலிபரப்பியது. ஆனால் 1981 இல் டைம்ஸ் சதுக்கத்தின் 'பொண்ட்ஸ்' அரங்கில் எட்டு இரவாகத் திட்டமிட்டு, அளவுக்கு மிஞ்சி டிக்கற் விற்று, தீயணைப்புத் துறை தலையிட்டு, கடைசியில் 17 நிகழ்ச்சியாக நடந்தபோது என்ன நடந்தது? முன் நிகழ்ச்சி செய்ய வந்த றப் முன்னோடி கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் மீது வெள்ளை பங்க் இரசிகர்கள் கூச்சலிட்டுக் கடதாசிக் கோப்பைகளை எறிந்தார்கள். குழு கோபப்பட்டு இரசிகர்களைக் கண்டித்தது. பாடகன் கேட்கப் பழகிவிட்டான், அவனுடைய கூட்டம் பழகவில்லை.

இனி கஸ்பா. 1981 இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் மற்றவர்கள் இல்லாத நேரம் ஹெடன் தன்பாட்டில் ஒரு பியானோ மெட்டைப் போட்டு, தானே ட்ரம்ஸும் வாசித்து, தானே பேஸும் வாசித்துப் பதிவு செய்தார். அமெரிக்க ஃபங்க் சாயல் கொண்ட துள்ளல் மெட்டு. அவர் எழுதிய காதல் வரிகளை ஸ்ட்ரமர் ஒதுக்கிவிட்டு வேறு எழுதினார். முகாமையாளர் றோட்ஸ், 'பாட்டெல்லாம் ராகம் மாதிரி நீளணுமா?' என்ற பாங்கில் சலித்துக்கொண்டது ஒரு பொறி. இசைத்தட்டு வைத்திருந்ததற்காக ஈரானில் கசையடி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னது மற்றப் பொறி. ஈரானில் புரட்சிக்குப் பின் 1979 ஜூலையில் இமாம் கொமெய்னி வானொலி தொலைக்காட்சியில் இசைக்குத் தடை விதித்தது வரலாறு.

பாட்டின் கதை இது: ஓர் அரசர் இசையைத் தடுக்கிறார். மக்கள் கேட்கவில்லை. இசை ஒலிக்கும் இடத்தின் மேல் குண்டு போடும்படி விமானிகளுக்குக் கட்டளையிடுகிறார். அரசர் அப்பால் போனதும் விமானிகள் கட்டளையை விட்டுவிட்டு, விமானத்துக்குள் அதே இசையைத் திருப்பிவிடுகிறார்கள். ஆம், குண்டு போட மறுத்த விமானிகளைப் பற்றிய பாட்டைத்தான் அந்தச் சிப்பாய் குண்டின் மேல் எழுதினான்.

ஆனாலும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. தடை ஈரானில். பாட்டு நடப்பதோ ஒட்டகமும் எண்ணெய்யும் பெதுவீனும் உள்ள அரபுப் பாலைவனத்தில். 'கஸ்பா' வட ஆபிரிக்கச் சொல். அரபியில் 'கஸபா', கோட்டை சூழ்ந்த பழைய நகர். அதே சொல் பாரசீகம் வழியாக வந்து வேலூரிலும் 'கஸ்பா' என்று ஊர்ப்பெயராக நிற்கிறது. ராகம் இந்தியாவினது. ஷரீஃப், முஅத்தின், மினாரா எல்லாம் ஒரே குவளையில். டொன் லெட்ஸ் டெக்சாஸில் எடுத்த வீடியோவில் ஓர் அரபியும் ஒரு யூதரும் தோளில் கைபோட்டு ஆடிப்பாடிப் போகிறார்கள்; அதில் நல்லெண்ணமும் பகிடியும் உண்டு. ஆனால் பாட்டில் இசை என்றால் மேலைத்தேய றொக் மட்டும்தான். முஸ்லிம் உலகத்துக்குச் சொந்த இசை ஒன்று இருப்பதாக அந்தப் பாட்டுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரே பாட்டைப் பாடிய உம்மு குல்தூமும், தடை நாட்களிலும் தெஹ்ரானில் பாரசீக இசையை விடாத ஷஜரியானும் அதில் இல்லை. எமக்குள்ளேயே இசை பற்றிய விவாதம் எவ்வளவு பழையது! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் ஸமாஃ பற்றித் தனிப் பகுதி எழுதினார்கள். இப்னு ஹஸ்ம் (ரஹ்) கூடும் என்ற பக்கம் நின்றார்கள். கூடாது என்றவர்களும் பெரிய அறிஞர்கள். இந்த நீண்ட உரையாடலைத் தெரியாமல் 'தடுக்கிற அரசன், ஆடுகிற ஜனம்' என்ற கார்ட்டூனாக ஆக்கியதுதான் பாட்டின் பலவீனம். ஜமெய்க்கா இசையின் வாசலில் கூச்சத்தோடு நின்ற அதே ஸ்ட்ரமர் இங்கே வாசலையே பார்க்கவில்லை. மெட்டில் அரபியின் அடி ஒன்றுகூட விழாததால், பாட்டைத் தூக்கிப் பைலட்டின் காதில் மாட்டுவது யாருக்கும் இலேசாயிற்று.

1982 இல் 'கொம்பட் றொக்' அல்பத்தில் வந்த இந்தப் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை ஏறியது. அதுவே முடிவின் தொடக்கமும். மெட்டைப் போட்ட ஹெடன் ஹெரோயினுக்கு அடிமையாகி, பாட்டு தனித்தட்டாக வருமுன்பே குழுவிலிருந்து விலக்கப்பட்டார். வீடியோவில் ட்ரம்ஸ் அடிப்பது திரும்ப அழைக்கப்பட்ட சைம்ஸ். 1983 இல் ஜோன்ஸும் விலக்கப்பட்டார். ஸ்ட்ரமரும் றோட்ஸும் 'அசல் பங்க்குக்குத் திரும்புவோம்' என்று 1985 இல் கொண்டுவந்த 'கட் த கிராப்' அல்பத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 'திஸ் இஸ் இங்கிலண்ட்' ஒன்று தேறும். பழைய சத்தத்துக்குத் திரும்பப் போனவர்கள் அங்கே யாரையும் காணவில்லை. 1986 இல் குழு முடிந்தது. ஜோன்ஸ் டொன் லெட்ஸோடு சேர்ந்து 'பிக் ஓடியோ டைனமைட்' என்ற குழுவில் றப்பையும் நடன இசையையும் தொடர்ந்தார்.

கஸ்பாப் பாட்டின் கதை முடியவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க வானொலி நிறுவனமான கிளியர் சனலுக்குள் சுற்றிய 'போடாமல் தவிர்க்கத்தக்க பாட்டுகள்' பட்டியலில் இது இருந்தது. 2006 இல் 'நெஷனல் ரிவியூ' என்ற வலதுசாரிச் சஞ்சிகை, வலதுசாரிகளுக்கு உகந்த றொக் பாட்டுகள் என்று போட்ட பட்டியலிலும் இருந்தது. ஒரே பாட்டு, ஒரு பக்கம் ஆபத்து, மறு பக்கம் சொந்தம்.

அதே அல்பத்தின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' வேறு வழியில் போனது. வேலையிழந்த இங்கிலாந்தின் உருக்கு நகரங்களையும், அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வியட்நாமில் பிறந்து தகப்பன் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளையும், குடியேறிகளையும் பற்றிய மெதுவான பாட்டு. 2007 இல் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர், அதன் கிற்றார் ஒலித்துணுக்கை எடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை அமைத்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் 1986 இல் இலண்டனுக்கு அகதியாகப் போன பிள்ளை. அமெரிக்க விசாவுக்கு அலைந்த அனுபவத்தில் அந்தப் பாட்டு பிறந்தது. அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. அதன் ஆசிரியர்களாகக் கிளாஷ் உறுப்பினர்களின் பெயரும் பதிவாகியிருக்கிறது. கிளாஷ் யாரைப் பற்றிப் பாடியதோ, அந்த ஆட்கள் வந்து பாட்டை வாங்கிக்கொண்டார்கள்.

கஸ்பாவுக்கும் அப்படி ஒருவர் வந்தார். ரஷீத் தாஹா 1958 இல் அல்ஜீரியாவில், வஹ்ரான் நகருக்குக் கிட்ட சிக் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதில் பெற்றோரோடு பிரான்சுக்குப் போனார். லியோன் நகரில் தொழிற்சாலை வேலை செய்துகொண்டே ஒரு றொக் குழு அமைத்தார். குழுவின் பெயர் 'கார்த் த செஜூர்', அதாவது 'வதிவிட அனுமதிப் பத்திரம்'. 1981 இல் கிளாஷ் பாரிஸுக்கு வந்தபோது தன் குழுவின் கெசட் ஒன்றை அவர்களிடம் கொடுத்ததாகவும், கஸ்பாப் பாட்டுக்கு அது பொறியாக இருந்திருக்கலாம் என்றும் தாஹா பேட்டிகளில் சொன்னார். மெட்டு ஹெடனுடையது, அதில் அல்ஜீரியாவின் சாயல் எதுவும் இல்லை. ஆகவே இதை ஏற்க எனக்குத் தயக்கம். ஆனால் அவர் கெசட் கொடுத்தார் என்பதை நம்பாமல் விடவும் காரணமில்லை.

2004 இல் தன் 'தேகித்வா' அல்பத்தில் அவர் 'றொக் எல் கஸ்பா' பாடினார். வரிகளை அல்ஜீரிய அரபுக்குக் கொண்டுவந்தார். மெட்டுக்குள் அரபு நரம்பு வாத்தியமும் தர்புகாவும் வயலின் வரிசையும் புகுந்தன. பியானோ இருந்த இடத்தில் இப்போது மக்ரிப் தெரு. கேட்கும்போது, இத்தனை நாளும் இந்தப் பாட்டில் என்ன இல்லாமலிருந்தது என்று உடனே பிடிபடும்.

கருத்தும் மாறியது. அல்ஜியர்ஸின் கஸ்பா பிரெஞ்சுப் படைக்கு எதிராக 1957 இல் போராளிகள் ஒளிந்து நின்று செத்த இடம். மறுபுறம், இசையைத் தடுப்பது என்பது அல்ஜீரியனுக்குக் கார்ட்டூன் விஷயமில்லை. 1994 செப்டம்பரில் ராய் பாடகர் செப் ஹஸ்னி வஹ்ரானில் தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் இசைத் தயாரிப்பாளர் ரஷீத் பாபா அஹ்மத். ஆகவே தாஹாவின் வாயில் அந்தப் பாட்டு இரண்டு பக்கமும் வெட்டியது. எங்கள் ஆட்கள் எங்கள் பாடகர்களைக் கொன்றார்கள் என்றும் சொன்னது, உங்கள் குண்டு இங்கே வேண்டாம் என்றும் சொன்னது. ஈராக் திரும்ப எரிந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் பாட்டு இதில் எதையும் சொல்லும் தகுதியோடு எழுதப்படவில்லை. அதே வரிகள், பாடுகிற ஆள் மாறியதும் தகுதி வந்தது.

ஸ்ட்ரமர் அதைக் கேட்கவில்லை. கடைசி வருடங்களில் அவர் பி.பி.சி. உலக சேவையில் ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் பாட்டுகளைத் தேடிப் போடும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். 2001 இல் 'பிண்டி பாகி' என்ற பாட்டில், தன் வட்டாரத்துக் கடைகளில் கிடைக்கும் தெற்காசிய, கரீபியன் சாப்பாடுகளை வாய்நிறைய வரிசைப்படுத்தினார். பக்கத்து வீட்டுச் சுவர் கடைசியில் இந்தப் பக்கமும் கேட்கத் தொடங்கியிருந்தது. 2002 டிசம்பர் 22 இல், 50 வயதில், இதய நோயால் மரணித்தார்.

2005 இல் இலண்டனில் ஈராக் போருக்கு எதிரான இசை நிகழ்ச்சியொன்று நடந்தது. தாஹா அரபியில் 'றொக் எல் கஸ்பா' பாட, அவருக்குப் பக்கத்தில் நின்று கிற்றார் வாசித்தவர் மிக் ஜோன்ஸ்.